நூலால் எழுதிய நூல்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊசியில் கோப்பதும் நூல், படிப்பதும் நூல். இந்த ஒற்றுமையை இலக்கண ஆசிரியர்களும் கவனித்திருக்கிறார்கள். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொற்களைப் பஞ்சுக்கும், புலவனை அப்பஞ்சை நூற்பவளுக்கும், அவன் வாயை அவள் கைக்கும், அறிவை நூற்கும் கதிருக்கும் ஒப்பிடுகிறது. அங்கே அது உவமைதான். ஆனால், ஊசியும் நூலும் கொண்டு உண்மையாகவே ஏடுகளை உருவாக்கியவர்கள் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறார்கள். தையலில் விருப்பமுள்ள மாணவர்கள் இன்றும் அவ்வாறு ஓர் ஏட்டை உருவாக்கலாம்.

புகைப்படம், பயணச்சீட்டு, வாழ்த்தட்டை, செய்தித்தாள் துணுக்கு போன்றவற்றைப் பக்கங்களில் ஒட்டி, அருகே குறிப்பெழுதி வைக்கும் ஏட்டை ‘ஸ்கிராப்புக்’ என்று பலரும் அழைக்கின்றனர். தமிழில் அதனை நினைவேடு எனலாம். பெரும்பாலான நினைவேடுகளில் பசைதான் எல்லா வேலையையும் செய்கிறது. அந்த வேலையை ஊசியிடம் ஒப்படைத்து, புகைப்படத்தோடு துணிக்கும் இடம் கொடுத்தால் அது துணி நினைவேடாகிவிடும்.

துணி எதற்கு? கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும்போது பழைய சேலைத் துண்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். அக்கேள்விக்கு ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறுமி விடை தரத் தொடங்கிவிட்டாள்.

அவள் பெயர் பார்பரா ஜான்சன். 1738ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவள். அவளுடைய ஏட்டில் உள்ள முதல் துணித் துண்டு 1746ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயதுதான் இருக்கும். அதன்பின் புதிய உடை தைக்கும்போதெல்லாம் அத்துணியில் சிறு துண்டை வெட்டி, பழைய கணக்குப் புத்தகம் ஒன்றின் பக்கத்தில் சேர்த்தாள். அருகே எந்த ஆண்டு, எந்த உடை, எத்தனை கெஜம், கெஜம் என்ன விலை என்று எழுதினாள். அக்காலத்துப் பெண்களுக்கான சிறு நாட்குறிப்பேடுகளில் வெளிவந்த உடையலங்காரப் படங்களையும் வெட்டிச் சேர்த்தாள். பருத்தி, பட்டு, கம்பளி, லினன் எனப் பலவகைத் துணிகள் அதில் இருக்கின்றன. துக்கக் காலத்தில் உடுத்திய கறுப்புத் துணிகளும் இருக்கின்றன. 1823ஆம் ஆண்டுவரை, அதாவது 77 ஆண்டுகள் அவர் இதனை விடாமல் செய்தார். அந்த ஏட்டில் 122 துணித் துண்டுகள் உள்ளன. இப்போது அது இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பார்பரா அரசியும் அல்லர். புகழ்பெற்ற எழுத்தாளரும் அல்லர். வரவுக்கேற்ப உடுத்திய ஒரு பெண். அவர் குறித்துவைத்தவையும் பெரிய செய்திகள் அல்ல. கடைக்குப் போய்த் துணி வாங்கியவர் எவரும் எழுதக்கூடிய கணக்குதான். ஆனால், அந்தத் துணிகள் மட்டும் குறிப்பில்லாமல் கிடைத்திருந்தால் அவை ஒரு பெட்டி நிறையப் பழந்துணியாக இருந்திருக்கும். குறிப்புகள் மட்டும் துணியில்லாமல் கிடைத்திருந்தால் அது பழைய செலவுக் கணக்காக இருந்திருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் ஒருவர் எட்டு வயதுமுதல் முதுமைவரை எதை உடுத்தினார், அது எந்த நிறம், எவ்வளவு தடிப்பு, அதற்கு என்ன கொடுத்தார் என்பதை ஆய்வாளர்கள் ஆண்டுவாரியாகச் சொல்ல முடிகிறது. 

அதே நூற்றாண்டில், அதே இலண்டன் நகரில், துணித் துண்டு இன்னும் பெரிய பொறுப்பைச் சுமந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார்களின் குழந்தைகளை ஏற்று வளர்ப்பதற்காகத் தாமஸ் கோரம் என்பவர் முயன்று நிறுவிய இல்லம் 1741ஆம் ஆண்டில் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. குழந்தையின் பெயர் அங்கே மாற்றப்படும். பிற்காலத்தில் தாய் திரும்பி வந்தால் எந்தக் குழந்தை அவளுடையது என்று எப்படி அறிவது? அதற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவுத் தாள் எழுதப்பட்டது. பல தாள்களோடு குழந்தையின் சட்டையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ வெட்டிய துணித் துண்டு இணைக்கப்பட்டது. தாய்மார்களில் பலருக்கு எழுதத் தெரியாது. துணியை அடையாளம் காணத் தெரியும். அத்தகைய துண்டுகள் ஏறக்குறைய 5,000 இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஏழைகள் உடுத்திய சாதாரணத் துணிகள் இவ்வளவு எண்ணிக்கையில் எஞ்சியிருப்பது அரிது.

அவற்றுள் ஒன்று பல துணிகளை ஒட்டுத்தையலாகத் தைத்துச் செய்த சிறிய துண்டு. 1767ஆம் ஆண்டில் சாரா பெண்டர் என்னும் தாய், தம் மகன் சார்லஸை அங்கே விட்டபோது கொடுத்தது. அதில் ஓர் இதயத்தைப் பூத்தையலாக இட்டு, எழுத்துகளையும் தைத்து, பிறகு அதனை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி பதிவுத் தாளோடு போயிற்று. மறுபாதியை அவர் வைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1775ஆம் ஆண்டில், அந்தப் பாதியோடு திரும்பி வந்து மகனைப் பெற்றுச் சென்றார். அந்த இல்லத்தில் விடப்பட்ட குழந்தைகளுள் மிகச் சிலரையே தாய்மார்களால் மீட்க முடிந்தது. ஏனைய ஆயிரக்கணக்கான துண்டுகள் கேட்பாரின்றி ஏட்டிலேயே தங்கிவிட்டன.

இவ்விரண்டும் தொலைவில் நடந்தவை. சிங்கப்பூரிலேயே உருவான துணி ஏடு ஒன்றும் உண்டு. அது புத்தக வடிவில் இல்லை. மெத்தைவிரிப்பு வடிவில் இருந்தது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பகுதியில். பெண்களும் சிறுவர்களும் வேறொரு பகுதியில். போர்வீரர்கள் வேறு முகாமில். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி இருக்கிறாளா என்று கணவனுக்குத் தெரியாது. கடிதம் எழுத அனுமதியில்லை.

அங்கிருந்த பெண்களுள் எத்தல் மல்வேனி என்னும் கனடா நாட்டவர் ஒருவர். செஞ்சிலுவைச் சங்கப் பணியில் ஈடுபட்டிருந்தவர். மருத்துவமனையிலுள்ள காயமுற்ற வீரர்களுக்கு மெத்தைவிரிப்பு தைத்துக் கொடுக்கலாம் என்னும் யோசனையை அவரே முன்வைத்தார். விருப்பமுள்ள பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு வெள்ளைத் துணிச் சதுரம் கொடுக்கப்பட்டது. தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் தைத்துப் பெயரையும் இட வேண்டும். இவ்வாறு சேர்ந்த சதுரங்களை இணைத்து, ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று விரிப்புகள் தைக்கப்பட்டன. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மற்றொன்று ஜப்பானிய வீரர்களுக்கு.

சிறை வைத்தவர்களுக்கே ஏன் ஒரு விரிப்பு? மற்ற இரண்டும் தடையின்றி வெளியே போக வேண்டுமே! அதற்குரிய விலை அது. ஆயினும் ஜப்பானிய விரிப்பின் பின்புறத்தில், காயமுற்ற வீரர்களின் துன்பத்திற்கு அனுதாபம் தெரிவிக்கும் சொற்களைப் பெண்கள் தைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, இவ்விரிப்பை உலர்சலவை செய்வது நல்லது என்று ஓர் அறிவுரையும் இருக்கிறது. பட்டினியும் நோயும் நிறைந்த சிறையிலிருந்து உலர்சலவை பற்றிய குறிப்பு! நகைச்சுவையா, தையல் தெரிந்தவர்களின் இயல்பான கவலையா என்று யாரும் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

சதுரங்களில் மலர்கள் உள்ளன. சொந்த நாட்டின் வரைபடங்கள் உள்ளன. சிறையின் தோற்றமும் உள்ளது. பார்ப்பவர்க்கு அவை வெறும் பூத்தையல். ஆனால், அந்தப் பெயர்தான் உண்மையான செய்தி. விரிப்பு மருத்துவமனையை அடைந்து, அங்கே ஒருவன் தன் மனைவியின் பெயரைக் கண்டால், அவள் உயிரோடு இருந்தாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு வரிகூட எழுத முடியாத இடத்தில் ஊசி அந்த ஒரு வரியை எழுதியது. 

பெரியவர்களின் விரிப்புகளைப் பற்றிப் பேசும்போது அதே சிறையிலிருந்த சிறுமியரை மறக்கக்கூடாது. எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி அங்கே சிறுமியருக்காக ஒரு சாரணியர் குழுவை நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்குப் பரிசளிக்க எண்ணிய அந்தப் பிள்ளைகள், அவருக்குத் தெரியாமல் ஒரு விரிப்பைத் தைத்தார்கள். கடை இல்லை, துணி இல்லை, நூலும் இல்லை. கிழிந்த உடைகளிலிருந்து அறுகோணத் துண்டுகளை வெட்டினார்கள். பழந்துணியிலிருந்து இழைகளை உருவி அவற்றால் தைத்தார்கள். தங்கள் பெயர்களையும் தைத்தார்கள். அந்த விரிப்பு இப்போது இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் தைத்த ஆஸ்திரேலிய, ஜப்பானிய விரிப்புகள் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், பிரிட்டிஷ் விரிப்பு அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் சேர்ந்தன.

இனி, இன்றைய மாணவர் ஒருவர் துணி நினைவேடு செய்ய விரும்பினால் எங்கே தொடங்குவது? வீட்டு அலமாரியில்தான். ஆனால், கத்தரிக்கோலை எடுப்பதற்குமுன் உரியவரிடம் கேட்க வேண்டும். பாட்டியின் கூறைப்புடவையைக் கேட்காமல் வெட்டியவருக்கு நினைவேட்டில் எழுத வேறொரு கதையும் கிடைத்துவிடும்! நல்ல துணியை வெட்ட வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. கிழிந்துபோன சேலையின் முந்தானை, தாத்தா வேட்டியின் கரை, சிறுத்துப்போன பாத்திக் சட்டை, தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டு, தம்பியின் தொட்டில் சேலை, பழைய பள்ளிச் சீருடையின் சின்னம் ஆகியவையே போதும். உள்ளங்கை அளவுத் துண்டு ஒரு பக்கத்திற்குத் தாராளம்.

எடுத்த துணியைத் துவைத்து, கஞ்சியை முழுவதும் அலசிப் போக்க வேண்டும். கஞ்சி என்பது மாவுப்பொருள். புத்தகங்களை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஆனால், எல்லாக் கறையையும் போக்க முயலக்கூடாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியின் தலைத்துணியில் ரப்பர் பால் கறை இருக்கலாம். அது எத்தனை முறை துவைத்தாலும் எளிதில் போகாது, போகவும் வேண்டாம். விடியுமுன் எழுந்து மரங்களிடையே நடந்த ஒரு வாழ்க்கைக்கு அந்தக் கறையைவிடச் சரியான சான்றைத் தேடினாலும் கிடைக்காது. பட்டையும் சரிகையையும் துவைக்காமல் நிழலில் காற்றாட விடுவது நல்லது.

தாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பயிற்சிப் புத்தகத் தாளில் ஊசி ஓட்டினால் அது கிழிந்துவிடும். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம்வரை எடையுள்ள தடித்த தாளே தையலைத் தாங்கும். அமிலம் நீக்கிய தாளாக இருந்தால் ஆண்டுகள் சென்றாலும் எளிதில் மஞ்சளாகாது. அதன்மேலுள்ள துணியிலும் கறை படியாது.

துணியில் தைப்பதற்கும் தாளில் தைப்பதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. துணியில் ஊசி நுழைந்து வெளிவந்தால் இழைகள் விலகி மீண்டும் கூடிக்கொள்ளும். தாளில் விழுந்த துளை விழுந்ததுதான். எனவே, எங்கே தைப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். துணியைத் தாளின்மேல் வைத்து, ஓரத்தில் பென்சிலால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இட வேண்டும். தாளுக்கு அடியில் மடித்த துவாலையை வைத்து, புள்ளிகளில் ஊசியால் குத்தித் துளையிட்ட பிறகுதான் நூல் கோக்க வேண்டும். துளைகளை மிக நெருக்கமாக இட்டால் தாள் அஞ்சல்தலையின் ஓரம்போல் கிழிந்துவிடும்.

பூத்தையல் நூல் ஆறு இழைகளால் ஆனது. அதில் இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்தால் போதும். ஓட்டுத்தையல் எளிது, பின்தையல் உறுதி. நூலை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், தாளை ஒட்டியவாறு மெதுவாக இழுக்க வேண்டும். முடிச்சு பெரிதாக இருந்தால் அடுத்த பக்கத்தில் மேடு தெரியும். ஆகவே, நூலின் நுனியைப் பின்புறத்திலுள்ள தையல்களுக்கு அடியில் செருகிவிடுவதே நேர்த்தி. தையல் இயந்திரத்தையும் பயன்படுத்தலாம். தாள் ஊசியை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் அதற்கென்று தனி ஊசி வைத்துக்கொள்வது நலம். அம்மாவின் நல்ல ஊசியை எடுத்துத் தாளில் ஓட்டினால் அடுத்த இரவிக்கை தைக்கும்போது உண்மை வெளிப்பட்டுவிடும்.

புகைப்படத்தின்மேல் ஒருபோதும் தைக்கக்கூடாது. மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதன் நகலை ஏட்டில் சேர்க்கலாம். மூலப்படமே வேண்டுமென்றால், அதன் நான்கு மூலைகளையும் செருகும்படி துணியால் சிறு முக்கோண உறைகளைத் தைக்கலாம். கடிதங்களுக்கும் பயணச்சீட்டுகளுக்கும் துணிப்பை தைத்தால் அவற்றை வேண்டும்போது எடுத்துப் படித்துவிட்டு மீண்டும் வைக்கலாம். பசையைவிடத் தையல் சிறந்தது என்பதற்கு இதுவே காரணம். பசையால் ஒட்டியதைப் பிரித்தால் இரண்டில் ஒன்று கிழியும். தையலைப் பிரித்தால் சில துளைகள் மட்டுமே எஞ்சும்; பொருள் முழுதாகக் கிடைக்கும். 

துணி சேர்ந்த பக்கங்கள் தடிப்பாக இருக்கும். வழக்கமான ஏட்டில் அவற்றைச் சேர்த்தால் அட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் பக்கங்களைத் தனித்தனியே செய்து, பிறகு கட்டுவதே நல்லது. நான்கைந்து தாள்களை ஒன்றாக மடித்து, மடிப்பில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகள் இட வேண்டும். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போகும். அங்கிருந்து நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே வந்து, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே வரும். நூலின் இரு முனைகளும் இப்போது நடுவில் சந்திக்கின்றன. உள்ளே நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் அவற்றைப் பிடித்து முடிச்சிட்டால் ஏடு தயார். முடிச்சிடுமுன் பக்கங்களுக்கிடையே ஒரு விரல் அகலத் தாள்பட்டைகளையும் மடிப்பில் வைத்துத் தைத்துவிட்டால், துணியின் தடிப்புக்கு இடம் கிடைக்கும்.

எஞ்சியிருப்பது குறிப்பெழுதும் வேலை. மாணவர்கள் பலர் இதனை விரைவில் முடித்துவிடுகிறார்கள். ‘பாட்டியின் சேலை’ என்று எழுதியதும் வேலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். எந்தப் பாட்டி? அவர் பெயர் என்ன? எந்த ஊரில், எந்தக் கடையில், எந்தத் தீபாவளிக்கு வாங்கியது? என்ன விலை? யார் வாங்கிக் கொடுத்தார்? ஏன் இத்தனை ஆண்டுகள் அதனைத் தூக்கிப்போடவில்லை? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தவர் இன்று அடுத்த அறையில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். சேலை இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும், விடை தாங்காது. அதனால் துணியைத் தைப்பதற்கு முன்பே அதன் கதையைக் கேட்டு எழுதிவிட வேண்டும். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினால் இன்னும் நன்று. குறிப்பைத் துணியின்மேல் எழுதாமல் அருகிலுள்ள தாளில், மை பரவாத பேனாவால் எழுத வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிக்க நாடுகளில் துணியும் தாளும் விரைவில் பூசணம் பிடிக்கும். முடித்த ஏட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பெட்டியில் வைக்கலாம். வெயில் படும் அலமாரியும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகா. சில மாதங்களுக்கு ஒருமுறை, மழையில்லாத நாளில் ஏட்டைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி நிழலில் காற்றாட விட வேண்டும். அன்று வீட்டிலுள்ளவர்கள் அதனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவது வழக்கம். யாராவது ஒருவர், “இது அந்தக் கடையில் வாங்கியது இல்லை” என்று கட்டாயம் திருத்துவார். பென்சிலையும் வெற்றுத்தாளையும் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது.